ஈதரைக் குடித்தது யார்?

மரியநாயகம் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் அவருடைய மகள் மெற்றில்டா. "ரீச்சர், அப்பா மோசம் போயிட்டார்" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை என்னோடை கதைச்சவரெல்லோ" என்றேன் நான், ஞாயிற்றுக்கிழமை கதைத்த ஒருவர் செவ்வாய்க்கிழமை சாகக்கூடாது என்று எங்கோ ஒரு சட்டம் இருப்பதுபோல. அவள் மறுமுனையில் அழுதாள். கடைக்காரர் கத்தரிக்காயைப் பையில் போட்டுக் கையில் தந்தார். அந்தப் பையை எந்த பஸ்ஸில் மறந்து வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணக் கடலோரத்துக் கொழும்புத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு முற்றத்தில் கதிரைகள் நிறைந்திருந்தன. அவருடைய மனைவி திரேசம்மா என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "இவதான் அந்த ரீச்சர். அண்டைக்கு இவ இல்லாட்டி இந்த மனிசன்ரை வேலையும் போயிருக்கும், மானமும் போயிருக்கும்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வயதான ஒருவர் கும்பிடவே செய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அவரைப் புதைத்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பும்போது மெற்றில்டா என்னிடம் ஒன்று கேட்டாள். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம், அதில் நான் எழுத வேண்டுமாம். "அப்பாவைக் காப்பாத்தின கதையையும் எழுதுங்கோ ரீச்சர்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் அந்தக் கதை நீங்கள் எல்லோரும் இவ்வளவு காலமும் கேட்டுவந்தது போல நடக்கவில்லை. நடந்தது நடந்தபடி சொல்ல இருவர்தான் இருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் இரசாயனவியல் ஆசிரியை. அவர் ஆய்வுகூட உதவியாளர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் கரவெட்டியிலிருந்து பஸ் ஏறி வருவேன், அவர் கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வருவார். ஒரே அறையில் இருபத்தாறு வருடம். சொந்தச் சகோதரங்களோடு நான் அவ்வளவு காலம் ஒரு கூரையின் கீழ் இருந்ததில்லை.

நான் அங்கே மாற்றலாகிப் போன முதல் கிழமை, உயர்தர வகுப்புக்கு ஆவியாதல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகை நிறைய மூலக்கூறுகளைக் கீறி, அவற்றுக்கிடையே புள்ளிக்கோடுகளும் போட்டுவிட்டேன். பிள்ளைகளின் கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. அப்போது அறையின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ரீச்சர் கோவிக்காட்டி, நான் ஒரு கண்ணாடித் துண்டு கொண்டுவரட்டே?" கண்ணாடித் துண்டோடு ஐந்து சின்னப் போத்தல்களும் வந்தன. ஈதர், புரப்பனோன், எதனோல், தண்ணீர், கிளிசரீன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளியைக் கண்ணாடியில் வரிசையாக வைத்தார். "ஓட்டப்போட்டி பிள்ளையள். எது முதல்லை போகுது எண்டு பாருங்கோ."

ஈதர் துளி, அவர் துளிக்குழாயை எடுத்து முடிக்குமுன்பே மறைந்துவிட்டது. அசற்றோன் என்று சொல்லும் புரப்பனோன் சற்று நின்று போனது. மதுசாரமான எதனோல் இன்னும் தாமதித்தது. தண்ணீர் பாட முடிவு மணி அடிக்கும்வரை கிடந்தது. கிளிசரீன் அடுத்த நாள் காலையிலும் அப்படியே இருந்தது, மேலே கொஞ்சம் தூசி படிந்திருந்ததுதான் வித்தியாசம். "தண்ணிக்கு ஊரை விட்டுப் போக மனமில்லைப் பிள்ளையள், சொந்தக்காரர் கூட. ஈதர் ஒருத்தரையும் பெரிசாய் எண்ணாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "மூலக்கூறுக்கு மனமெண்டு சொல்லாதேங்கோ அண்ணை, உந்தப் பிள்ளையள் சோதினையிலை அப்பிடியே எழுதிப்போடுவினம்" என்றேன். அப்படியே நடந்தது. தவணைப் பரீட்சையில் ஒருத்தி, 'ஈதர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பெரிதாக எண்ணுவதில்லை, ஆகவே விரைவில் ஆவியாகும்' என்று எழுதிவிட்டாள். நான் பிழை போட்டேன். மரியநாயகம் அண்ணை தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை விளங்கி எழுதியிருக்குது, நீங்கள் விளங்காமல் பிழை போடுறியள்" என்றார். அரைப் புள்ளி கொடுத்தேன்.

அவள் எழுதியதில் அரைப் புள்ளிக்கு மேலேயே உண்மை இருந்தது. ஒரு திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. மேற்பரப்புக்கு வந்த ஒன்று, பிடியை உதறும் அளவுக்கு வேகமும் வைத்திருந்தால் வெளியே போய்விடும். ஈதரில் அந்தப் பிடி இளக்கம். எதனோலில் ஒட்சிசனோடு சேர்ந்த ஒரு ஐதரசன் இருப்பதால், அது பக்கத்து மூலக்கூறின் ஒட்சிசனைப் பற்றிக்கொள்ளும். தண்ணீருக்கு அப்படி இரண்டு, கிளிசரீனுக்கு மூன்று. பிடிக்கப் பிடிக்கப் போவது குறையும். பட்டம் படித்து நான் அறிந்துகொண்ட இதை அவர் கையில் குழாயோடு நின்று அறிந்திருந்தார். பிள்ளைகளின் புறங்கையில் ஈதர் துளி வைத்து, அவர்கள் குளிர்ந்து கையை உதறும்போது, "போறவை சூட்டையும் கொண்டு போகினம், அதுதான் இருக்கிறவைக்குக் குளிருது" என்பார். அதற்கு நான் பிழை போட்டதில்லை.

போர்க்காலத் தடையால் பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, ஆகவே கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் காட்ட வேண்டும். கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் எல்லோரும் பெற்றோலைத் தங்கம் போலக் கொண்டு திரிந்த காலம். ஒருநாள் மதியம், என் அப்பா கரவெட்டியில் கடுமையாகச் சுகமில்லாமல் கிடக்கிறார் என்று பாடசாலைக்கு ஆள் வந்து சொன்னது. பஸ் இல்லை. மரியநாயகம் அண்ணை அதிபரிடம் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி என்னை ஏற்றினார். ஒரு கலியாணமாகாத ரீச்சர் ஆம்பிளை ஒருவரின் பின்னால் ஏறிப் போகிறா என்று கதை வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வந்தது. அது பிறகு.

வல்லைவெளியில் இயந்திரம் நின்றது. சட்டைப் பையிலிருந்து பெற்றோல் போத்தலை எடுத்தார். வெறும் போத்தல். மூடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. "பறந்திட்டுது ரீச்சர்" என்றார். சுற்றிலும் வெளி, உப்புக்காற்று, நிழல் என்று சொல்ல ஒரு செடி இல்லை. இருவரும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தள்ளும்போது அவர், "மண்ணெண்ணெய் நீட்டுச் சங்கிலி ரீச்சர், ஒண்டோடை ஒண்டு சிக்குப்பட்டுக் கிடக்கும், சூடு காட்டினாத்தான் வெளிக்கிடும். பெற்றோல் கட்டைச் சங்கிலி" என்று விளக்கத் தொடங்கினார். அப்பா சாகக் கிடக்கும் நேரத்தில் எனக்கே இரசாயனவியல் படிப்பிக்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. நான் அழாமல் இருப்பதற்காகத்தான் கதைத்தார் என்பது விளங்க எனக்குக் கன காலம் எடுத்தது. எதிரே வந்த ஒருவர் தன் போத்தலிலிருந்து மூன்று துளி தந்தார். அப்பா அன்று பின்னேரம் கண்ணை மூடினார். நான் அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த கிழமையே அவர் ஆய்வுகூடத்துப் போத்தல்களுக்கு நூல் கட்டத் தொடங்கினார். எங்களிடம் இருந்தவை பழைய காலத்துக் கண்ணாடி மூடிப் போத்தல்கள். ஒவ்வொரு மூடியும் அதனதன் போத்தலின் கழுத்தோடு வைத்துத் தேய்த்துச் செய்தது. பக்கத்துப் போத்தலில் வைத்தால் இருக்கும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் உள்ளே இருப்பது மெல்ல மெல்லப் போய்விடும். அவர் ஒவ்வொரு மூடியையும் அதன் சொந்தப் போத்தலின் கழுத்தோடு வலைநூலால் இணைத்து, வலை முடிச்சுப் போட்டார். அவருடைய தகப்பனார் கடல் தொழில் செய்தவர், அந்த முடிச்சு அவிழாது. நாங்கள் இடம்பெயர்ந்து போய் மறுபடி வந்தபோது அரைவாசிப் போத்தல்கள் உடைந்து கிடந்தன. மிஞ்சியவற்றில் மூடிகள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன.

இனித்தான் நான் சொல்ல வேண்டியது.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, கொழும்பிலிருந்து எல்லாம் வரத் தொடங்கிய காலம். ஆய்வுகூடத்துக்கும் புது இரசாயனங்கள் வந்தன. அதைத் தொடர்ந்து, பாடசாலையைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது என்று அறிவித்தல் வந்தது. மரியநாயகம் அண்ணை அந்தக் கிழமை லீவு, கோயில் பெருநாள். நான் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்தைக் கழுவித் துடைத்தேன். அலுமாரியைத் திறந்ததும் அந்த நூல்கள் கண்ணில் குத்தின. பத்துப் பன்னிரண்டு வருட அழுக்கேறிய வலைநூல். வருகிறவர்கள் இதென்ன மீன்வாடியோ என்று கேட்பார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சொல்தான் மனதில் வந்தது, அதை மறைத்து எழுதிப் பயனில்லை. கத்தரிக்கோலை எடுத்து எல்லா நூலையும் வெட்டினேன். மூடிகளை ஒரே பாத்திரத்தில் போட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைத்து, அளவு பார்த்து வைத்தேன். இருபத்திரண்டு போத்தல். மூலக்கூறுகளுக்கிடையே எவ்வளவு பிடி என்று கரும்பலகையில் கணக்குக் காட்டுகிற நான், ஒரு மூடிக்கும் போத்தலுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

அவர் வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தபடி நின்றார். "நூலை ஆர் ரீச்சர் வெட்டினது?"

"நான்தான் அண்ணை. வடிவாயில்லை."

"ஓம்" என்றார். "இப்ப வடிவாய்த்தான் இருக்குது."

குழு வந்தது, பார்த்தது, பாராட்டியது. அதோடு சித்திரை விடுமுறை தொடங்கியது. களஞ்சிய அறையின் கூரை தகரச் சீற். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் ஈதர் அதன் கொதிநிலையிலேயே நிற்கும். இதுவும் நான் படிப்பிக்கிற விஷயம்தான்.

விடுமுறை முடிந்ததும் இருப்புப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொரு போத்தலாகத் தூக்கிப் பார்த்தார்கள். ஈதர்ப் போத்தல்கள் மூன்றும் வெறுமை. அதை ஒருவர் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார். எதனோல் போத்தல்கள் நான்கிலும் நாலு நாலு விரல் குறைவு. அங்கேதான் நின்றார்கள். ஒருவர் போத்தலை முகர்ந்துவிட்டு, "உது குடிக்கிற சாமானெல்லோ. எங்கை போனது?" என்றார். இன்னொருவர் மரியநாயகம் அண்ணையைப் பார்த்து, "நீர் எவ்விடம்?" என்றார். "கொழும்புத்துறை ஐயா." அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடல் தொழில் ஊர் என்றால் குடிகார ஊர் என்பது அவர்களுடைய கணக்கு. மரியநாயகம் அண்ணை குடிக்காதவர். கலியாண வீடுகளில் போத்தல் வெளியே வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுபவர். அது எனக்குத் தெரியும். களஞ்சிய அறைப் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று அவரிடம், மற்றது என் கைப்பையில். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வேட்டி கட்டி ஊரை நிர்வகித்த விதானையாரின் மகள், வகுப்பில் மூலக்கூறு கீறுகிறவள், எதனோல் குடிப்பாளா?

அதிபர் மட்டும் கேட்டார்: "ரீச்சர், நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நான் சொல்லியிருக்க வேண்டியது எது என்று உங்களுக்கே தெரியும். மூடிகள் மாறிவிட்டன, மாற்றியது நான், ஈதர் முதலில் போயிருக்கிறது, எதனோல் அடுத்ததாகப் போயிருக்கிறது, இது பாடப் புத்தகத்தில் இருக்கிற ஒழுங்கு. ஒரு நிமிடக் கதை. எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது என்பதுதான் கொடுமை. நான் சொன்னது: "பாத்துத்தான் சொல்லவேணும் சேர்."

மரியநாயகம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கிழமைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும், அதுவரை ஆய்வுகூடத்துக்குள் போகக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. வாசலில் ஒரு கதிரை போட்டு, மணி அடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். மெற்றில்டா அப்போது அதே பாடசாலையில் பத்தாம் வகுப்பு. 'லாப்பில் குடித்தவர்' என்ற கதை இரண்டே நாளில் வகுப்புகளுக்குள் போய்விட்டது. அவள் மதிய இடைவேளையில் வெளியே வராமல் வகுப்பிலேயே இருந்தாள். நான் ஒவ்வொரு நாளும் காலையில் வாசலில் அவரைக் கடந்து உள்ளே போனேன். "வணக்கம் ரீச்சர்" என்பார், எப்போதும் போல. நான் பதில் வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக நடப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு வந்து, சொல்லாமல் திரும்பிய நாட்கள் அவை. கழுவியவள் நான் என்று தெரிந்தால் விளக்கம் எழுதுவது நானாகிவிடும். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் அவரே என்னிடம் வந்தார். "ரீச்சர், அதிபரிட்டைக் கேட்டிட்டன். ஒரு மேசையும் பத்து நாளும் தந்திருக்கிறார். என்ரை திறப்பை வாங்கிப்போட்டினம், நீங்கள் உங்கடையைத் தாங்கோ. கூட நிண்டு பாத்தா இன்னும் நல்லது."

அலுவலகத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில், ஐந்து போத்தல்களை வைத்தார். அதே ஈதர், புரப்பனோன், எதனோல், தண்ணீர், கிளிசரீன். ஈதரை மட்டும் பக்கத்துப் பாடசாலையில் இரவல் வாங்கியிருந்தார். ஐந்திலும் பொருந்தாத மூடி. ஆறாவதாக இன்னொரு எதனோல் போத்தல், அதற்கு மட்டும் அதன் சொந்த மூடி. எந்த மூடி எந்தப் போத்தலுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "சுத்திப் பாத்தாத் தெரியும் ரீச்சர், சொந்தம் எண்டா ஒரு இடத்திலை வந்து நிக்கும்" என்றார். ஒவ்வொன்றிலும் காகிதக் கீற்று ஒட்டி, தினமும் காலையில் மட்டத்தைக் கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் அதிபரிடம் கையெழுத்து வாங்கினார்.

பத்தாம் நாள் அந்த மூன்று பேரும் வந்தார்கள். ஈதர் முடிந்திருந்தது. புரப்பனோன் நன்றாக இறங்கியிருந்தது. மூடி மாறிய எதனோல் ஒரு விரலுக்கு மேல் குறைவு, சொந்த மூடி போட்ட எதனோல் முதல் நாள் கோட்டிலேயே நின்றது. தண்ணீர் ஒரு மயிரிழை. கிளிசரீன், காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து, கோட்டுக்குச் சற்று மேலே ஏறியிருந்தது. மரியநாயகம் அண்ணை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுச் சொன்னார்: "ஐயா, எதனோலை நான் குடிச்சனான் எண்டால், ஈதரைக் குடிச்சது ஆர்? அவனை முதல்லை பிடியுங்கோ. அவன்தான் இதையும் குடிச்சவன். கிளிசரீனை ஆரோ கொண்டு வந்து ஊத்தியிருக்கினம், அவையையும் ஒருக்கால் விசாரியுங்கோ."

அதிபர் சிரித்துவிட்டார். வந்தவர்களில் ஒருவரும் சிரித்தார். சிரிக்காத மற்றவர், "அப்ப மூடி எப்பிடி மாறினது?" என்று கேட்டார். அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் தரம் எனக்கு ஒரு சந்தர்ப்பம், அதுவும் தட்டில் வைத்து.

"கழுவேக்கை மாறிப்போச்சுது ஐயா. இனி மாறாமல் பாக்கிறன்" என்றார் அவர்.

குடித்தார் என்ற குற்றச்சாட்டு அதோடு நீங்கியது. கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவருடைய பெயருக்கு. அது கடைசிவரை அவர் கோப்பில் கிடந்தது. அவருக்குக் கிடைக்க வேண்டிய தர உயர்வு நாலு வருடம் பிந்தியது. விளக்கத்தோடு இணைக்க, ஏன் ஈதர் முதலில் போனது, ஏன் எதனோல் பிறகு போனது, ஏன் கிளிசரீன் போகவில்லை என்று மூலக்கூற்றிடை விசைகளைப் பற்றி நான் ஒரு தாள் எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மிக அழகான கையெழுத்தில். 'ரீச்சர் எழுதிக் குடுத்த தாள்தான் காப்பாத்தினது' என்று நீங்கள் சொல்வது அந்தத் தாளைத்தான். அவர் செய்து முடித்த பரிசோதனைக்கு நான் எழுதிய பின்குறிப்பு அது. எனக்குப் பதவி உயர்வு அதே வருடம் கிடைத்தது.

பிறகும் நாங்கள் ஒரே அறையில் வேலை செய்தோம். அவர் மறுபடியும் எல்லாப் போத்தல்களுக்கும் நூல் கட்டினார். நான் முடிச்சுப் போட விரல் கொடுத்தேன். அவர் என்னோடு முன்பிருந்ததைவிட ஒரு சொல் குறைத்துக் கதைத்ததில்லை. குறைத்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற பின்னர் எனக்கு இரண்டு வருடம் மிஞ்சியிருந்தது. ஏதாவது தேவையென்றால் களஞ்சிய அறைப் பக்கம் பார்த்து, "அண்ணை, அந்தக் குழாய்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் இல்லை என்பது நினைவு வரும். புதிதாக வந்த உதவியாளர் பிள்ளை ஒரு நாள் கேட்டேவிட்டாள், "ஆரோடை ரீச்சர் கதைக்கிறியள்?" என்று. இப்போதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். கொரோனாக் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. "ரீச்சர், கடையிலை ஒரு கைகழுவுற மருந்து வாங்கினன், தண்ணி கலந்திருக்கிறாங்கள். பூசிப் பத்து நிமிசம், கையிலேயே நிண்டு கதைக்குது" என்று முறையிட்டு ஆரம்பித்தார். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. மழை, மீன் விலை, பேரப்பிள்ளையின் பரீட்சைத் தாளில் வந்த பிழையான கேள்வி. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க என்ன வேண்டுமென்றாலும் கொடுப்பேன். கேட்டால் என்ன சொல்வேன் என்பதும் எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை கொழும்புத்துறைக்குப் போனேன். அச்சுக்குப் போகுமுன் திரேசம்மா கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் கிழித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முன்விறாந்தையில் அவரை இருத்தி வைத்து, முழுவதையும் வாசித்தேன். கத்தரிக்கோல் வந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். முடிந்ததும் அவர் என் கையிலிருந்த தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் ரீச்சர்" என்றார்.

மடியிலிருந்த தாள்களைத் தடவிக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"அண்டைக்குப் பின்னேரமே வந்து எல்லாம் சொல்லிப்போட்டார். நூலை வெட்டினது நீங்கள் எண்டும், கேட்ட இடத்திலை வாய் திறக்கேல்லை எண்டும். நான் அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டனான், உங்களை நாலு சனத்துக்கு முன்னாலை கேக்கவேணும் எண்டு. கையைப் பிடிச்சு இருத்தினார். 'ரீச்சர் தானா வந்து சொல்லுவா. நீ போய்க் கேட்டா அவ தானா சொன்ன மாதிரி இராது' எண்டார். பேந்து ஊரிலை கேக்கிற ஆக்களுக்கெல்லாம் ரீச்சர்தான் காப்பாத்தினவ எண்டு சொல்லத் துடங்கினார். நானும் சொல்லிச் சொல்லி, எனக்கும் அதுவே வாயிலை வந்திட்டுது. செத்தவீட்டிலையும் அதுதான் வந்தது, குறை நினையாதேங்கோ."

அவர் என்னிடம் குறை நினையாதேங்கோ என்கிறார்.

"ஒவ்வொரு நத்தாருக்கும் நீங்கள் வருவியளெல்லோ. கேக்கை வெட்டிவைச்சிட்டு என்னை உள்ளுக்குப் போகச் சொல்லிக் கண் காட்டுவார். நான் இருந்தா நீங்கள் சொல்லமாட்டியளாம். நானும் போய் அடுப்படியிலை நிப்பன். நீங்கள் போனாப்போலை வந்து கேப்பன், சொன்னவவோ எண்டு. 'இல்லை, அடுத்தமுறை சொல்லுவா' எண்டுவார்."

இருபது மார்கழி, இருபது நத்தார். ஒவ்வொரு முறையும் அவர் எனக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்து, என் முகத்தைப் பார்த்தபடி பேசாமல் இருப்பார். வயது போனதால் பேச்சுக் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். நான் கேக்கைத் தின்று, தேத்தண்ணியைக் குடித்து, கரவெட்டி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்துவிடுவேன். அவர் வாசல் படலைவரை வருவார்.

"அப்பிடியே போடுங்கோ ரீச்சர், ஒண்டும் கிழிக்கவேண்டாம்" என்று திரேசம்மா தாள்களைத் திருப்பித் தந்தார்.

மரியநாயகம் அண்ணையிடமிருந்து ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை எடுத்து வைத்திருப்பீர்கள். எனக்கு மிஞ்சியது இதுதான். நான் என்ன செய்தேன் என்று முழுக்கத் தெரிந்த ஒரு மனிதர், நான் நேர்மையானவள், ஒருநாள் சொல்வேன் என்று இருபது வருடம் நம்பி இருந்தார். அவர் நினைத்தது சரி. சொல்லிவிட்டேன். ஒரு மாதம் பிந்திவிட்டேன்.